விசாரணைக்கு முன்பே முடிந்துவிடும் பருவம்: அமெரிக்கக் கல்லூரி வீரர்கள், பயிற்சியாளர்கள் மீது புகார் வந்தால்

அமெரிக்கக் கல்லூரி அணியில் ஆடும் மாணவர் மீது புகார் எழுந்தால், பல நேரம் அவர் கைக்கு முதலில் வருவது விசாரணை நோட்டீஸ் அல்ல, "நாளை முதல் பயிற்சிக்கு வர வேண்டாம்" என்ற தகவல்தான். விசாரணை மாதக்கணக்கில் இழுக்கும். கூடைப்பந்துப் பருவமோ நவம்பரில் தொடங்கி ஏப்ரல் தொடக்கத்தில் முடிந்துவிடும். கடைசியில் "குற்றம் நிரூபணமாகவில்லை" என்று தீர்ப்பு வந்தாலும் போன ஆட்டங்கள் திரும்பி வராது. ஆகவே இறுதி விசாரணையைவிட, அதற்கு முந்தைய சில வாரங்களுக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும்.

2006-இல் டியூக் பல்கலைக்கழகத்தின் லக்ரோஸ் (வலை கட்டிய கோலால் பந்தாடும் விளையாட்டு) அணி மீது பாலியல் வன்முறைப் புகார் எழுந்தது. ஏப்ரல் 5 அன்றே அணியின் பருவம் ரத்தானது, பயிற்சியாளரும் பதவி விலகினார். ஓராண்டு கழித்து, 2007 ஏப்ரல் 11 அன்று, வட கரோலினாவின் அட்டர்னி ஜெனரல் குற்றம் சாட்டப்பட்ட மூவரும் நிரபராதிகள் என்று அறிவித்தார். வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞர் தொழில் உரிமத்தை இழந்தார். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு அந்த வீரர்களுக்கு இன்னொரு ஆண்டு ஆட அனுமதி தந்தது. ஆனால் அந்த அணி இழந்த பருவம் திரும்பி வரவில்லை.

அண்மைய எடுத்துக்காட்டு இல்லினாய் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர் டெரன்ஸ் ஷானன். 2023 டிசம்பர் இறுதியில் அவரை அணியிலிருந்து இடைநீக்கினார்கள். அவர் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார். 2024 ஜனவரி 19 அன்று நீதிபதி அந்த இடைநீக்கத்துக்கு இடைக்காலத் தடை கொடுத்ததும் களத்துக்குத் திரும்பினார். அந்த ஜூனில் ஜூரி அவரை விடுவித்தது. இங்கே கவனிக்க வேண்டியது, இடைநீக்கம் எந்த விதியின் கீழ் நடந்தது என்பது. விளையாட்டுத் துறை தன் சொந்த நடத்தை விதியின்படி அதைச் செய்தது. பல பல்கலைக்கழகங்களில் உள்ள ஓட்டை இதுதான். பாலியல் புகார்களுக்கான டைட்டில் நைன் விதியின்படி அவசர நீக்கம் செய்ய வேண்டுமானால், அந்த நபரால் யாருக்காவது உடனடி ஆபத்து உண்டா என்று தனியாக மதிப்பிட வேண்டும். நீக்கிய கையோடு மறுப்புச் சொல்லவும் வாய்ப்புத் தர வேண்டும். விளையாட்டுத் துறை விதியில் பெரும்பாலும் இந்த இரண்டும் இருக்காது.

ஆகவே முதல் நாளே எழுத்தில் கேளுங்கள்: எந்த விதியின் எந்தப் பிரிவு? முடிவெடுத்தவர் யார்? எத்தனை நாளுக்கு? யாரிடம் மறுப்புச் சொல்வது? வாய்மொழியாக வந்த பதிலை அன்றே மின்னஞ்சலில் எழுதி, "நீங்கள் சொன்னது இதுதானே" என்று அனுப்பிவிடுங்கள். பின்னால் நீதிமன்றம் போகும்போது இந்தக் காகிதம்தான் பேசும்.

கல்லூரி அரசுடையதா தனியாருடையதா என்பதையும் முதலிலேயே பாருங்கள். அரசியலமைப்பு தரும் முறையான நடைமுறை உரிமை அரசுப் பல்கலைக்கழகங்களை மட்டுமே கட்டுப்படுத்தும். 1975-இல் கோஸ் எதிர் லோபஸ் வழக்கில், பள்ளி மாணவரை 10 நாள் வெளியே நிறுத்தக்கூட என்ன குற்றம் என்று சொல்லி அவர் பதிலைக் கேட்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2019-இல் பர்டூ பல்கலைக்கழக வழக்கில், விசாரணைக் குழுவின் மூவரில் இருவர் அறிக்கையைப் படிக்காமலே வந்து உட்கார்ந்திருந்தார்கள் என்ற குற்றச்சாட்டை மேல்முறையீட்டு நீதிமன்றம் கடுமையாக எடுத்துக்கொண்டது. தனியார் கல்லூரியில் உங்கள் கையிலிருப்பது மாணவர் கையேடுதான். அதை ஒப்பந்தம் போல வரி வரியாகப் படிக்க வேண்டும். புகார் வந்த நாளின் பதிப்பை உடனே தரவிறக்கி வையுங்கள்.

அடுத்து, வாயைத் திறக்கும் முன் யோசியுங்கள். மனம் நொந்து போயிருக்கும் மாணவர் முதலில் ஓடுவது பயிற்சியாளரிடம்தான். ஆனால் பயிற்சியாளர்களில் பெரும்பாலோர் காதில் விழுந்ததை மேலிடத்துக்குச் சொல்லியே ஆக வேண்டியவர்கள். கல்லூரியில் கொடுக்கும் வாக்குமூலம் காவல்துறைக்கும் போகலாம். குற்ற வழக்கும் கூடவே நடந்தால் குற்றவியல் வழக்கறிஞரைக் கேட்காமல் ஒரு வார்த்தையும் எழுதிக் கொடுக்க வேண்டாம். டைட்டில் நைன் விசாரணையில் பதில் சொல்ல மறுத்தாலே குற்றவாளி என்று முடிவுகட்ட விதி இடம் தரவில்லை.

குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள், உங்களுக்குச் சங்கடமானவற்றையும்தான். டாக்ஸி ரசீது, விடுதிக் கதவில் அட்டை தேய்த்த பதிவு, கேமராக் காட்சி ஆகியவற்றைப் பாதுகாக்கும்படி எழுத்தில் கேளுங்கள். கேமராக் காட்சிகள் சில வாரங்களிலேயே மேலெழுதப்பட்டுவிடும். புகார் கொடுத்தவரை நீங்களோ, உங்களுக்காக அணித் தோழரோ தொடர்புகொள்ளக் கூடாது. ஆதரவு என்று நினைத்து நண்பர் அனுப்பும் ஒரு செய்தி பழிவாங்கல் என்ற புதுக் குற்றச்சாட்டாக மாறும். புகார் கொடுத்தவருக்கும் அது புதுக் காயம்.

2024-இல் வந்த புது டைட்டில் நைன் விதிகளை 2025 ஜனவரி 9 அன்று கென்டக்கி கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்ததால் 2020 விதிகளே மீண்டும் நடப்பில் உள்ளன. அதன்படி அறிக்கை எழுதும் முன், திரட்டிய ஆதாரங்களைப் பார்த்துப் பதில் எழுதக் குறைந்தது 10 நாள் உண்டு. அறிக்கை வந்த பின், நேரடி விசாரணைக்கு முன், குறைந்தது இன்னொரு 10 நாள். முதல் 10 நாளைப் பலர் கோபமாகக் கடிதம் எழுதுவதில் வீணாக்குகிறார்கள். அந்த நாட்களில் செய்ய வேண்டியது வேறு: நேர வரிசைப் பட்டியல் போடுங்கள், விசாரிக்கப்படாத சாட்சிகளின் பெயர்களைக் கொடுங்கள், பாதியில் வெட்டிச் சேர்த்த உரையாடல்களை முழுதாகத் தாருங்கள்.

குறுக்கு விசாரணையை மாணவர் செய்ய முடியாது, அவருடைய ஆலோசகர்தான் செய்யலாம். ஆலோசகர் இல்லாவிட்டால் கல்லூரி இலவசமாக ஒருவரைத் தரும், ஆனால் அவர் வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை. அப்பாவையோ மாமாவையோ உட்கார வைப்பது பாசத்தில் செய்வது. சாட்சியைக் கேள்வி கேட்கத் தெரிந்தவர் அங்கே இருப்பதே மாணவருக்கு உதவும்.

மேல்முறையீட்டுக்கு விதி உறுதியாகத் தரும் காரணங்கள் மூன்று: நடைமுறைப் பிழை, முன்பு கிடைத்திருக்க முடியாத புது ஆதாரம், பாரபட்சம். "தீர்ப்பு தவறு" என்பது அந்த மூன்றில் இல்லை. எனவே பிழை நடக்கும்போதே எழுத்தில் ஆட்சேபியுங்கள்.

ஸ்காலர்ஷிப்பைப் பயிற்சியாளர் தன் விருப்பத்துக்கு வெட்ட முடியாது. குறைத்தாலும் ரத்து செய்தாலும், விளையாட்டுத் துறைக்கு வெளியே உள்ள குழு முன் முறையிடும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது என்.சி.ஏ.ஏ. விதி. எஃப்-1 விசாவில் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. அணியிலிருந்து நீக்கினால் விசாவுக்குப் பாதிப்பில்லை. கல்லூரியிலிருந்தே இடைநீக்கினால் செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசுப் பதிவேடு) பதிவு முடிக்கப்படும். படிப்பை முடித்தவர்களுக்குக் கிடைக்கும் 60 நாள் அவகாசமும் கிடைக்காது. சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கும் குடியேற்ற வழக்கறிஞருக்கும் தீர்ப்புக்கு முன்பே சொல்லி வையுங்கள். பயந்து நடுவில் விலகிப் போவதும் தீர்வல்ல: நியூயார்க் மாநிலத்தில், வன்முறைக் குற்றச்சாட்டு நிலுவையில் இருக்க விலகினால், அது மதிப்பெண் பட்டியலிலேயே குறிக்கப்படும்.

பயிற்சியாளர்கள் நிலை வேறு. அரசுப் பல்கலைக்கழகத்தில் ஒப்பந்தக் காலம் மீதியிருப்பவரை நீக்கும் முன் குற்றச்சாட்டைச் சொல்லிப் பதில் கேட்க வேண்டும் என்பது 1985-இன் லௌடர்மில் தீர்ப்பு. எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம் என்ற நிபந்தனையில் இருக்கும் உதவிப் பயிற்சியாளருக்கு அது இல்லை. என்.சி.ஏ.ஏ. முன் இன்னும் கடினம். லாஸ் வேகஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஜெர்ரி டார்கானியன் வழக்கில், 1988-இல், என்.சி.ஏ.ஏ. அரசு அமைப்பல்ல, அரசியலமைப்பு அதைக் கட்டுப்படுத்தாது என்று 5-க்கு 4 எனத் தீர்ப்பு வந்தது. என்.சி.ஏ.ஏ. அனுப்பும் குற்றச்சாட்டு நோட்டீஸுக்குப் பதில் தர 90 நாள் உண்டு, விசாரணையில் வழக்கறிஞரை அழைத்துச் செல்லலாம். ஆனால் ஒத்துழைக்க மறுப்பதும் பொய் சொல்வதும் தனிக் குற்றங்கள். சின்ன விதிமீறலை மறைக்கச் சொன்ன பொய் பெரிய தண்டனையில் கொண்டுபோய் விடும். 2023 ஜனவரி முதல் உதவியாளர் செய்த தவறுக்கும் தலைமைப் பயிற்சியாளரே பொறுப்பு.

பயிற்சியாளருக்கான பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளிலேயே தீர்மானமாகிறது. "தகுந்த காரணம்" என்றால் எவை எவை என்று பட்டியலிடச் சொல்லுங்கள். "பல்கலைக்கழகத்தின் பெயருக்குக் களங்கம்" என்ற ஒற்றை வரியை அப்படியே விடாதீர்கள். எழுத்து மூல நோட்டீஸ், சரிசெய்யக் குறிப்பிட்ட நாட்கள், விசாரணை முடியும்வரை சம்பளத்துடன் விடுப்பு ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.