அப்பத்தாவின் சுண்ணாம்பும் பெரியப்பாவின் சுருட்டும்

எங்கள் பெரியப்பா ஒரு நாளைக்கு இரண்டு சுருட்டு பிடிப்பார். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று, ராத்திரி கயிற்றுக் கட்டிலை வாசலில் போட்ட பிறகு ஒன்று. சிகரெட் பிடிக்கிற சித்தப்பாவைப் பார்த்தால் அவருக்கு இளக்காரம். "அவன் புகையை நெஞ்சுக்குள்ள விடுறான். நான் வாயோட சரி. உள்ளே போகாதது என்னத்தைச் செய்யும்?" என்பார். ஊரில் முக்கால்வாசிப் பேர் இதையே சொல்வார்கள்.

திண்ணையின் இன்னொரு கோடியில் அப்பத்தா வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும். அதற்கும் ஒரு கட்சி உண்டு. சுண்ணாம்பு வைக்காமல் புகையிலை போட்டால் வைக்கோலை மென்ற மாதிரிதான் இருக்குமாம், ஒரு 'இது'வும் இருக்காதாம். பெரியப்பாவின் கேள்விக்குப் பதில் அப்பத்தாவின் சுண்ணாம்பு டப்பாவுக்குள் இருந்தது என்பது எனக்குப் புரிய வேதியியல் படிக்க வேண்டியதாயிற்று.

சுருட்டு நம் சொல். சுருட்டியது சுருட்டு, அவ்வளவுதான். ஆங்கிலேயர்கள் 'செரூட்' என்று சொல்வதும் இங்கிருந்து போனதுதான். செடிதான் வெளியூர். 1492இல் கொலம்பஸின் ஆட்கள் கரீபியத் தீவுகளில் மக்கள் இலையைச் சுருட்டிப் புகைப்பதைப் பார்த்தார்கள். போர்த்துக்கீசியர் கப்பல்களில் அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்து, காவிரிக் கரையிலும் திண்டுக்கல் செம்மண்ணிலும் வேர் பிடித்தது. விக்டோரியா ராணி காலத்து லண்டனில் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு நன்றாகத் தெரிந்த சரக்கு. திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனி சுருட்டுத் தொழிற்சாலையே நடத்தியது. உறையூர்ப் பட்டறைகள் இப்போது விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டாலும், கருப்பசாமிக்கும் முனியாண்டிக்கும் படையலில் சுருட்டு வைக்கிற வரை கொஞ்சம் வியாபாரம் இருக்கும்.

சரி, செடியிலிருந்து தொடங்குவோம்.

புகையிலையில் இருக்கும் நிகோடினை இலை தயாரிப்பதில்லை, வேர்தான் தயாரிக்கிறது. அங்கிருந்து தண்ணீரோடு சேர்ந்து மேலே ஏறி இலையில் தங்குகிறது. 1940களில் இதை அழகாகச் சோதித்துப் பார்த்தார்கள். புகையிலை வேரின் மேல் தக்காளித் தண்டை ஒட்டுக் கட்டினார்கள்; தக்காளி இலையில் நிகோடின் சேர்ந்தது. தக்காளி வேரின் மேல் புகையிலைத் தண்டை ஒட்டியபோது, அந்தப் புகையிலை இலையில் நிகோடின் பெயருக்குத்தான் இருந்தது.

செடிக்கு இது பூச்சிமருந்து. நரம்புகள் தங்களுக்குள் சேதி சொல்ல அசிட்டைல்கோலின் என்ற பொருளைப் பயன்படுத்துகின்றன. அது உட்கார வேண்டிய இருக்கையில் நிகோடின் போய் உட்கார்ந்துகொள்ளும். இலையைக் கடித்த புழுவுக்கு நரம்பு துடித்து அடங்கிவிடும். மனித மூளையிலும் அதே இருக்கைகள் இருப்பதுதான் இத்தனை வம்புக்கும் காரணம். புகையிலைக் கஷாயத்தை வயலில் தெளிக்கும் பழைய வழக்கமும் இதை வைத்துத்தான். மழையில் நனைந்த புகையிலையை வெறும் கையால் ஒடிப்பவர்களுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவதுண்டு. தோல் வழியாகவே அது ஏறிவிடும். 'உள்ளே விடவில்லையே' என்ற வாதம் இங்கேயே ஆட்டம் காண்கிறது.

பூ எடுக்கும் நேரத்தில் விவசாயி செடியின் கொழுந்தைக் கிள்ளிவிடுவார். பக்கத்தில் வரும் சிம்புகளையும் ஒடித்துக்கொண்டே இருப்பார். பூவுக்கும் விதைக்கும் போக வேண்டிய சத்து இலைக்குத் திரும்பும், இலை தடிக்கும். கூடவே, யாரோ தன் தலையைத் தின்றுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு வேர் இன்னும் அதிகமாக நிகோடின் தயாரித்து அனுப்பும். செடியின் பயத்தைத்தான் நாம் 'காட்டம்' என்கிறோம்.

இனி வருவதுதான் சுருட்டையும் சிகரெட்டையும் பிரிக்கிற இடம்.

ஒடித்த இலை உடனே சாவதில்லை. சுருட்டு இலையை நிழலில், காற்றோட்டமான கொட்டகையில் வாரக்கணக்கில் தொங்கவிடுகிறார்கள். அந்த நாட்களில் இலை உயிரோடு இருந்து மூச்சு விடுகிறது. கையிருப்பில் இருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, அந்தச் சர்க்கரையையும் எரித்துத் தீர்த்துவிட்டுத்தான் சாகிறது. பச்சை போய், மஞ்சள் போய், கடைசியில் பழுப்பாகும்போது இலையில் இனிப்பு மிச்சமில்லை.

சிகரெட்டுக்குப் போகும் வர்ஜீனியா வகை இலைக்கு இந்த அவகாசம் கிடையாது. சூளை போன்ற கொட்டகையில் சூடேற்றி ஒரு வாரத்துக்குள் உலர்த்திவிடுவார்கள். 1839இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஸ்டீபன் என்ற அடிமை, காவலில் கண் அயர்ந்துவிட்டு, அணையப்போன நெருப்பை எழுப்ப அவசரமாகக் கரியை அள்ளிப் போட்டதில்தான் பொன்மஞ்சள் இலை முதலில் கிடைத்தது என்று அங்கே வழிவழியாகச் சொல்வார்கள். திடீர்ச் சூட்டில் இலை செத்துவிடுவதால் அதன் சர்க்கரை அப்படியே உறைந்து நின்றுவிடுகிறது. சர்க்கரை எரிந்தால் அமிலங்கள் வரும். ஆகவே சிகரெட் புகை லேசான அமிலத்தன்மை கொண்டது.

சுருட்டு இலைக்கு இன்னொரு கட்டமும் உண்டு. உலர்ந்த இலைகளுக்கு ஈரம் காட்டி, ஆள் உயரத்துக்கு அடுக்கி, மூடிப்போட்டுவிடுவார்கள். வைக்கோல் போருக்குள் ஈரத்தோடு கையை விட்டவர்களுக்குத் தெரியும், உள்ளே எப்படிக் கொதிக்கும் என்று. இதுவும் அப்படித்தான். நுண்ணுயிர்களும் இலையில் மிஞ்சிய நொதிகளும் சேர்ந்து வேலை பார்ப்பதில் அடுக்கின் நடுவில் வெப்பம் 50 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறும். வெந்துபோகாமல் இருக்க அடுக்கைப் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியேயும் வெளியே இருந்ததை உள்ளேயும் மாற்றி மறுபடி அடுக்குவார்கள். சின்ன வயதில் ஒருமுறை பெரியப்பாவோடு புகையிலைக் கிட்டங்கிக்குப் போயிருக்கிறேன். அடுக்கைப் பிரித்ததும் மூக்கில் குத்திய நெடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. கண்ணில் தண்ணீர் கொட்ட வெளியே ஓடி வந்துவிட்டேன். புகையிலை வாசனை என்று நான் நினைத்திருந்தது அது இல்லை, அம்மோனியா. இலையின் புரதம் உடைந்து அம்மோனியாவாக வெளியேறிக்கொண்டிருந்தது.

அம்மோனியா ஒரு காரம். மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கிற காரம். பெரும்பகுதி பறந்துபோனாலும் இலையில் கொஞ்சம் தங்கும். அமிலம் தரும் சர்க்கரையும் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. ஆகவே சுருட்டுப் புகை காரப் பக்கம் சாய்கிறது. அமிலமா காரமா என்று அளக்கும் கோல் பிஎச்; ஏழுக்குக் கீழே அமிலம், மேலே காரம். முதல் சில இழுப்புகளில் புகையின் பிஎச் அளவு ஆறரை போல இருக்கும். எரிந்து குறையக் குறைய ஏறி, கடைசிப் பகுதியில் எட்டைத் தாண்டும்.

இந்த ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில்தான் பெரியப்பாவின் வாதம் கவிழ்கிறது.

நிகோடினுக்கு இரண்டு வேஷங்கள். அமிலச் சூழலில் ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொண்டு மின்னூட்டம் பெற்றுவிடும். அந்த வேஷத்தில் அது தண்ணீரோடு ஒட்டும், எண்ணெயோடு ஒட்டாது. நம் வாயின் உட்புறத் தோலில் ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கொழுப்புப் படலம் இருக்கிறது. மின்னூட்டம் பெற்ற நிகோடின் அதைத் தாண்டத் திணறும். காரச் சூழலில் புரோட்டானைக் கழற்றிவிட்டு வெறும் ஆளாகிவிடும். அப்போது கொழுப்புப் படலம் அதற்குத் திறந்த கதவு. பிஎச் 6இல் நூற்றில் ஒரு பங்கு நிகோடின்தான் வெறும் ஆளாக இருக்கும். 7இல் பத்தில் ஒரு பங்கு போல. 8இல் பாதிக்குப் பாதி.

சிகரெட் பிடிப்பவர் புகையை நெஞ்சுக்குள் இழுப்பது வேறு வழியில்லாமல்தான். அந்த அமிலப் புகையை வாயில் வைத்திருந்தால் பெரிதாக ஒன்றும் ஏறாது. நுரையீரலின் உட்பரப்பு சுமார் 70 சதுர மீட்டர், ஒரு நடுத்தர வீட்டின் தரை அளவு. அங்கே இருக்கும் ஈரம் புகையின் அமிலத்தைத் தணித்துவிடும். அதனால் சில விநாடிகளில் நிகோடின் மூளைக்குப் போய்விடுகிறது. சுருட்டுக்காரருக்கு அந்தப் பயணமே தேவையில்லை. கன்னத்தின் உட்புறமும் நாக்கின் அடியும் போதும். மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். காரப் புகை தொண்டையில் காந்துவதால் உள்ளே இழுக்கவும் முடியாது. பெரியப்பா அதைத் தன் கட்டுப்பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது அப்பத்தாவிடம் வருவோம். சுண்ணாம்பு என்பது கால்சியம் ஹைட்ராக்சைடு, நல்ல காட்டமான காரம். விரல் நுனியில் எடுத்து வெற்றிலையின் முதுகில் தடவும்போது அது செய்த வேலை, கிட்டங்கியில் அம்மோனியா செய்த அதே வேலை: நிகோடினின் புரோட்டானைக் கழற்றுவது. சுண்ணாம்பு இல்லாவிட்டால் வைக்கோல் என்று அப்பத்தா சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. (பாக்கில் இருக்கும் அரிக்கோலினுக்கும் சுண்ணாம்பு இதே உதவியைச் செய்கிறது.) நிகோடினை ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் இரண்டு பேர் பிரித்தெடுத்தது 1828இல்தான். அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே நம் கிழவிகளின் ஆள்காட்டி விரல் அளவு தெரிந்து வைத்திருந்தது.

எரிகிற விஷயத்தைச் சொல்லாவிட்டால் சுருட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். படையலில் பற்றவைத்துச் சாமி முன்னால் வைத்த சுருட்டு கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். சிகரெட்டோ தானே கடைசி வரை எரியும். சிகரெட்டில் நறுக்கிய தூளைச் சுற்றி நுண்துளைக் காகிதம், அதிலும் எரிய உதவும் உப்புகள். சுருட்டில் இலை மேல் இலையாக இறுக்கிச் சுற்றியிருப்பதால் காற்று புகுவது கடினம். இழுத்தால்தான் உயிர்.

இழுக்கும்போது நுனியில் வெப்பம் நூற்றுக்கணக்கான டிகிரிக்கு ஏறுகிறது. தணலில் இருக்கும் ஆக்சிஜன் அங்கேயே தீர்ந்துவிடும். அதற்குப் பின்னால் இருக்கும் இலை எரிவதில்லை, ஆக்சிஜன் இல்லாத சூட்டில் வதங்கி ஆவியாகிறது. நிகோடினும் வாசனையும் தாரும் கிளம்புவது பெரும்பாலும் அங்கிருந்துதான். அந்த ஆவி குளிர்ந்த இலைகள் வழியாக வரும்போது பாதி வழியிலேயே படிந்துகொள்ளும். கடைசித் துண்டு கசந்து வழிவது ஏன் என்றால், முன்னால் எரிந்ததன் கறையெல்லாம் அங்கே வந்து சேர்ந்திருக்கும்.

எந்த இலை எரியும் என்பதை மண்ணும் தண்ணீரும் முடிவு செய்கின்றன. பொட்டாசியம் இருந்தால் தணல் நிற்கும். குளோரைடு ஏறினால் நிற்காது. உவர்த் தண்ணீர் பாய்ந்த தோட்டத்து இலை மெல்லத்தான் லாயக்கு, புகைக்க உதவாது. கால்சியமும் மெக்னீசியமும் கூடினால் சாம்பல் வெளுக்கும். கரி முழுக்க எரியாமல் நின்றால் கறுக்கும். ஷெர்லாக் ஹோம்ஸ் 1887இல் அறிமுகமான முதல் கதையிலேயே, தரையில் கிடந்த கறுத்த, செதில் செதிலான சாம்பலைப் பார்த்துத் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று சொல்லிவிடுவார். கதை கதைதான். ஆனாலும் சாம்பல் ஊர் பேரைச் சொல்லும் என்பதில் வேதியியல் இருக்கிறது.

பெரியப்பாவின் கருத்துக்கு மிச்சமிருப்பது இதுதான்: நுரையீரல் புற்றுநோய் அபாயம் சிகரெட்டைவிடக் குறைவு, உள்ளே இழுக்காதவரை. வாய், தொண்டை, உணவுக்குழாய் அப்படித் தப்புவதில்லை. இலையைப் பதப்படுத்தி அடுக்கி வைக்கும்போதே நைட்ரோசமைன்கள் என்ற புற்றுநோய்ப் பொருள்கள் அதில் உருவாகின்றன. எச்சிலில் கரைவதை விழுங்கத்தானே செய்கிறோம்? ஆந்திரக் கடற்கரையில் சில பெண்கள் சுருட்டின் எரியும் நுனியை வாய்க்குள் வைத்துப் புகைப்பார்கள். அவர்களுக்குப் புற்றுநோய் வருவது மேல் அண்ணத்தில். புகை எங்கே தங்குகிறதோ அங்கே.

ஒரு வழியாக மருத்துவர் அதட்டியதில் பெரியப்பா புகைப்பதை விட்டார். விட்டார் என்றால், தீப்பெட்டியை விட்டார். பற்றவைக்காத சுருட்டு ஒன்றை நாள் முழுக்கக் கடைவாயில் அதக்கிக்கொண்டு, "அதான் பத்த வைக்கலையே" என்று வீட்டில் எல்லோரிடமும் வாதாடிக்கொண்டிருந்தார். அப்பத்தா கொஞ்ச நேரம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டப்பாவை அவர் பக்கம் நகர்த்தியது.

"கொஞ்சம் சுண்ணாம்பும் வச்சுக்கடா."