இரட்டை எண்கள் காணாமற்போன பலகை

மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் வீட்டுக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. இரும்புக் கதவின் பிணைச்சல்கூட இரண்டு மாரிக்கு மேல் தாங்காத இந்த இடத்தில், நாற்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட இலத்திரனியல் பலகை ஒன்றைத் திருத்தி இயக்க விரும்புபவர் முதலில் உப்பைத்தான் எதிர்கொள்ள வேண்டும். பாவித்த பொருட்கள் விற்கும் ஒருவரிடம் நான் வாங்கிய பலகை, 1980 இல் ஜப்பானின் நம்கோ நிறுவனம் வெளியிட்ட பாக்-மேன் விளையாட்டுக்குரியது. காசு போட்டு விளையாடும் பெட்டியிலிருந்து கழற்றப்பட்டு, பழைய பத்திரிகைத் தாளில் சுற்றப்பட்டு வந்த அதில், சில சிப்புகளின் கால்கள் கறுத்திருந்தன, சில துருப்பிடித்திருந்தன, செப்புத் தடங்களின் ஓரங்களில் பச்சை பூத்திருந்தது.

இத்தகைய பலகை திருத்துவதற்கு ஏற்றது, ஏனென்றால் அதில் ஒவ்வொரு வேலையும் கண்ணுக்குத் தெரியும் தனித்தனிச் சிப்புகளில் நடக்கிறது. கணிக்கும் வேலையைச் செய்வது நாற்பது கால்களுடைய இசெட்-80. செக்கனுக்கு 18.432 மில்லியன் தடவை துடிக்கும் பளிங்கொன்றின் துடிப்பை ஆறால் வகுத்து, 3.072 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் அது ஓடுகிறது. விளையாட்டின் முழு நிரலும் 16 கிலோபைற்றுக்குள் அடங்கிவிடுகிறது. திரையில் தோன்றும் படத்தைப் புள்ளி புள்ளியாகச் சேமிக்க அந்நாளில் நினைவகம் போதாது; ஆகவே வடிவமைத்தவர்கள் பழைய அச்சுக்கூடத்தின் முறையையே கையாண்டார்கள். எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட 256 அச்சுகள் ஒரு நிலையான நினைவகச் சிப்பில் இருக்கின்றன. அகலத்தில் 28, உயரத்தில் 36 எனத் திரையில் கட்டங்கள் உள்ளன; எந்தக் கட்டத்தில் எந்த இலக்க அச்சு வரவேண்டும் என்பது மட்டுமே திரை நினைவகத்தில் எழுதப்படுகிறது. அச்சுக்கோப்பவர் பெட்டியறையின் இலக்கத்தைப் பார்த்து எழுத்தை எடுப்பதைப்போல, பலகை செக்கனுக்கு அறுபது தடவை அந்த இலக்கங்களை வாசித்துப் படத்தைக் கோத்துக்கொண்டே இருக்கிறது.

முதல் வேலை கழுவுதல். மின்பலகையைத் தண்ணீரில் கழுவுவதா என்று பலர் திகைப்பார்கள். அற்ககோலால் துடைத்தால் போதும் என்றும் சொல்வார்கள். அது பிழை. சோடியம் குளோரைட்டு அற்ககோலில் மிகக் குறைவாகவே கரைகிறது; துடைத்தால் உப்பு இடம் மாறுமே தவிர நீங்காது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது, சாதாரண உப்பு காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். கடலுப்பில் மகனீசியம் குளோரைட்டும் கலந்திருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே அது கசியத் தொடங்கும். எங்கள் ஊர் இரவுகளில் அந்த ஈரத்துக்குப் பஞ்சமில்லை. 2.54 மில்லிமீற்றர் இடைவெளியில் நிற்கும் இரண்டு கால்களுக்கிடையே 5 வோல்ற் இருக்க, நடுவில் உப்புநீர்ப் படலமும் இருந்தால் அது ஒரு சிறிய மின்பகுப்புக் கலம். அதில் ஒரு காலின் உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும். ஆகவே காய்ச்சி வடித்த நீரில் மெல்லிய தூரிகையால் தேய்த்துக் கழுவி, பின்பு நீரை வெளியேற்றுவதற்காக மட்டும் ஐசோபுரோப்பைல் அற்ககோலில் அலசி, மின்விசிறிக்கு முன்னால் இரண்டு நாள் காயவிட்டேன்.

அடுத்தது மின்சாரம். மின்வழங்கி 5 வோல்ற் காட்டினாலும், பலகையின் ஓரத் தொடுப்பு அழுக்கேறியிருந்தால் சிப்பை அடைவது குறைவாகவே இருக்கும். இந்தச் சிப்புகள் 4.75 முதல் 5.25 வோல்ற் வரையே ஏற்பவை. ஆகையால் சிப்பின் காலிலேயே அளக்க வேண்டும்.

முதன்முறை இயக்கியபோது திரை முழுவதும் தாறுமாறான எழுத்துகள் தோன்றி, செக்கனுக்கு நான்கு தடவை அளவில் துடித்தன. அந்தத் துடிப்பே ஒரு செய்தி. திரையில் படம் பதினாறு தடவை கோக்கப்படும்வரை நிரலிடமிருந்து தகவல் வராவிட்டால், காவற்சுற்று ஒன்று இசெட்-80 ஐ மீண்டும் தொடக்கத்துக்கு இழுத்துவிடும். நிரல் ஓடவில்லை என்பது இதனால் தெளிவாயிற்று. நிரற்சிப்புகளைக் கழற்றி, கால்களைச் சுரண்டித் துடைத்து மீண்டும் செருகியதும் விளையாட்டு எழுந்தது.

எழுந்ததே தவிர, சரியாக எழவில்லை. திரையின் உச்சியில் ‘ஹை ஸ்கோர்’ என்று ஆங்கிலத்தில் வரவேண்டிய இடத்தில், எச் வரவேண்டிய இரண்டு இடங்களிலும் ஐ நின்றது. ஆர் இருக்க வேண்டிய இடத்தில் எஸ் நின்றது. இரண்டு சொற்களுக்கும் நடுவே வெறுமையாக இருக்க வேண்டிய கட்டத்தில் ஏ நின்றது. மற்ற எழுத்துகள் சரி. எழுதுகோலை எடுத்து இலக்கங்களைக் குறித்தேன். இந்தப் பலகையில் எச் என்பது 72, ஐ 73. ஆர் 82, எஸ் 83. வெற்றிடம் 64, ஏ 65. மாறாதிருந்த ஐ, ஜி, எஸ், சி, ஓ, ஈ ஆகிய ஆறும் ஒற்றை எண்கள். இரட்டை எண் ஒவ்வொன்றும் ஒன்று கூடி ஒற்றையாகிவிட்டது. இருமத்தில், அதாவது 0, 1 என்ற இரண்டை மட்டும் கொண்டு எழுதினால், ஓர் எண் இரட்டையா ஒற்றையா என்பதைத் தீர்மானிப்பது கடைசிப் பிற்று, அதாவது கடைசியில் நிற்கும் 0 அல்லது 1, மட்டுமே. ஆகவே அச்சின் இலக்கத்தைச் சுமக்கும் எட்டுக் கம்பிகளில் கடைசிக் கம்பி எப்போதும் 1 ஐக் குறிக்கும் உயர்நிலையில் நிற்கிறது.

எந்த இடத்தில் என்பதையும் திரையே காட்டியது. மின் கொடுத்தவுடன் இசெட்-80 நினைவகத்தில் எழுதி, திரும்ப வாசித்துச் சரிபார்த்த பின்னரே விளையாட்டைத் தொடங்குகிறது. அந்தச் சோதனை வென்றிருப்பதால் நினைவகத்தில் பழுதில்லை. விளையாட்டின் நகரும் உருவங்களான பேய்களும் பாக்-மேனும் வேறொரு சிப்பிலிருந்து வருபவை. அவை குறையின்றி நடமாடின. எழுத்துகளும் புதிர்வழியின் சுவர்களும் மட்டுமே குழம்பியிருந்ததால், எஞ்சியது அச்சுகள் உள்ள சிப்பும் அதற்குள் நுழையும் கம்பியுமே. இலக்கத்தின் கடைசிப் பிற்று அந்தச் சிப்பின் நான்காவது காலால் நுழைகிறது. கம்பியில் துடிப்பு உண்டா என்று காட்டும் லொஜிக் புரோப் என்ற கருவியைப் பலகையின் அடிப்பக்கத்தில் வைத்தபோது துடிப்பு இருந்தது. மேலே, காலின் தோளில் வைத்தபோது இல்லை. சிப்பைத் தாங்கும் செருகியின் வாய்க்குள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அந்தக் கால் அரித்து முறிந்திருந்தது. இணைப்பற்ற உள்ளீடு எந்த நிலையிலும் மிதக்கக்கூடும். என் பலகையில் அது உயர்நிலையில் மிதந்திருக்கிறது.

முறிந்த காலின் அடிக்கட்டையைச் சுரண்டி, புதிய செருகியொன்றின் நான்காவது துளைக்கு மெல்லிய கம்பி வைத்து ஈயத்தால் பற்றவைத்தேன். சூடு அதிகம் ஏற்றக்கூடாது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கொண்ட கலவை 183 பாகை செல்சியசில் உருகிவிடும். இந்தச் சிப் ஈபிரொம் வகையைச் சேர்ந்தது: கடத்தாப் படலத்துக்குள் சிறைப்பட்ட இலத்திரன்களே அதன் தரவு, கழியூதாக் கதிர் பட்டால் அவை தப்பிவிடும். அதனால்தான் அதன் படிகச் சாளரத்தின் மேல் ஒட்டுத்தாள் இருக்கிறது; நேரடி வெயிலில் ஒரு வாரம் திறந்து கிடந்தாலே அழிந்துபோகலாம். உரித்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, அதிலுள்ள 4096 பைற்றுகளையும் கணினியில் வாசித்தேன். எச், ஆர், சுவரின் வளைவுகள் என இரட்டை எண்ணுக்குரிய அச்சுகள் அத்தனையும் உள்ளே பத்திரமாக இருந்தன. பிரதியெடுத்த புதிய சிப் இப்போது பலகையில் வேலை செய்கிறது. பழையது, ஒட்டுத்தாள் கலையாமல், ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் ஒரு தகரப் பெட்டியில் இருக்கிறது.