ஜோடி மாடும் ஜோடிக் கட்டையும்

உசிலம்பட்டிப் பக்கம் என் மச்சானுக்கு முக்கால் ஏக்கரில் மல்லிகை. மல்லிகைக்காரர்களுக்குத் தூக்கம் தவணையில்தான் வரும். மொட்டு விரியும் முன்பே பறித்து மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு அனுப்ப வேண்டும் என்பதால் விடிவதற்குள் தோட்டத்தில் ஆள் நிற்கும். அதற்கு முன்னால் மும்முனை மின்சாரம் ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் எழுந்து போய் மோட்டார் போட வேண்டும். வரப்பில் கண்ணாடி விரியன் படுத்திருக்கும். அதனால் மச்சானுக்கு டார்ச் லைட் என்பது செருப்பு மாதிரி, அது இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார்.

பழைய டார்ச் ஒரு ராத்திரி பாதி வரப்பில் அணைந்துபோனது. முந்தின நாள்தான் சார்ஜ் போட்டிருக்கிறார். "மாப்ள, நீ கரண்டு படிச்ச ஆளுதான, இத என்னன்னு பாரு" என்று என் கையில் கொடுத்தார்.

பின்மூடியைத் திருகினேன். உள்ளே இரண்டு லித்தியம் பேட்டரிக் கட்டைகள். ஒன்று வெளிறிப்போன பச்சை, டார்ச்சோடு வந்தது. இன்னொன்று பளபளக்கும் ஊதா. "இந்தக் கட்டை புதுசுப்பா. போன மாசந்தான் டவுன்ஹால் ரோட்டுல வாங்கிப் போட்டேன்" என்றார். மல்டிமீட்டரை வைத்தேன். பச்சையில் 3.91 வோல்ட். ஊதாவில் 2.57. புதுசுதான் நோஞ்சான்.

இந்தக் கட்டைக்கு 18650 என்று பெயர். குறுக்கே 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர், கடைசிப் பூஜ்யம் உருளை வடிவம் என்பதற்கான குறி. பழைய லேப்டாப், பவர் பேங்க், மின்சார சைக்கிள் என்று எதைப் பிரித்தாலும் இதன் சொந்தக்காரர்கள் உள்ளே இருப்பார்கள். முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். வடிந்து 2.5 வோல்ட் பக்கம் வந்தால் அதற்குக் கீழே இறக்கக்கூடாது. டார்ச்சில் இரண்டையும் தொடராக இணைத்திருந்தார்கள், ஒன்றின் தலை இன்னொன்றின் வாலைத் தொடுகிற மாதிரி. வோல்ட் கூடிக்கொள்ளும். 3.91-உம் 2.57-உம் சேர்ந்து 6.48. பழைய டார்ச்சின் மூளைக்குத் தெரிந்தது அந்தக் கூட்டுத்தொகை மட்டும்தான். உள்ளே யார் எவ்வளவு சுமக்கிறார்கள் என்று அது கேட்பதே இல்லை.

மச்சானுக்கு மாட்டை வைத்துச் சொன்னால்தான் புரியும். ஒரே நுகத்தடியில் நல்ல காளை ஒன்றையும் நோஞ்சான் ஒன்றையும் பூட்டினால் என்ன ஆகும்? ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் போக முடியாது, நுகத்தடி விடாது. நல்லது நடக்கிற நடைக்கு நோஞ்சானும் நடந்தே தீர வேண்டும். தொடர் இணைப்பும் அப்படித்தான். இரண்டு கட்டைகளிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓடும். சின்ன வயிறுள்ள கட்டை முதலில் காலியாகிவிடும். காலியான பிறகும் பெரியது அதன் வழியாகவே மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். மாடாவது படுத்துவிடும். கட்டை படுக்காது.

படுக்காத கட்டைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க அதன் வயிற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரும்புக் குப்பிக்குள் இருப்பது சுருட்டி வைத்த பாய். ஒரு செம்புத் தாளில் கிராஃபைட் பூசியிருக்கும், ஒரு அலுமினியத் தாளில் கோபால்ட், நிக்கல் போன்றவற்றின் ஆக்சைடு பூசியிருக்கும். நடுவில் தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. எல்லாம் மின்பகுளி திரவத்தில் ஊறிக் கிடக்கும். சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் சவ்வைத் தாண்டி வந்து கிராஃபைட் அடுக்குகளுக்குள், வெற்றிலைக் கட்டுக்குள் விரல் நுழைகிற மாதிரி, நுழைந்துகொள்ளும். டார்ச்சைப் போட்டால் அதே வழியில் திரும்பிப் போகும். அயனி உள்வழியாகப் போக, எலக்ட்ரான் வெளியே ஒயர் வழியாகச் சுற்றிப் போகும். நமக்கு வெளிச்சம் தருவது அந்தச் சுற்றிப் போகிற கூட்டம்தான். 1991-இல் சோனி முதன்முதலாக இதைக் கடைக்குக் கொண்டுவந்தது. இதன் அடிப்படையைக் கண்டுபிடித்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. குட்இனஃபுக்கு அப்போது வயது 97.

கட்டையை அளவுக்கு மீறி வடித்தால், அயனி தீர்ந்துபோன பிறகு அந்தச் செம்புத் தாளே கரைய ஆரம்பிக்கும். அப்புறம் சார்ஜ் போட்டால் கரைந்த செம்பு கண்ட இடத்தில் படியும். சவ்வைக் குத்திக்கொண்டு ஒரு முள் வளர்ந்தால் போதும், உள்ளுக்குள்ளேயே ஷார்ட். அந்த இடம் சூடாகும். 130 டிகிரி பக்கம் சவ்வு உருகும். இன்னும் ஏறினால் ஆக்சைடே ஆக்சிஜனை விட ஆரம்பிக்கும். எரிபொருள் உள்ளே, ஆக்சிஜனும் உள்ளே. மண்ணைப் போட்டு மூச்சடைத்து அணைக்கலாம் என்றால் முடியாது, மூச்சே அதற்கு வெளியிலிருந்து வேண்டியதில்லை. நிறையத் தண்ணீர் ஊற்றிச் சூட்டை இறக்குவதுதான் வழி.

வடிக்கும்போது நோஞ்சான் அடிபடுகிறது என்றால், ஏற்றும்போது நல்லது அடிபடும். இதைத்தான் மச்சான் நம்ப மறுத்தார். பழைய டார்ச்சின் சார்ஜர் மொத்தம் 8.4 வோல்ட் வரும்வரை ஏற்றும். 3.91-இலிருந்து கிளம்பிய பச்சைக் கட்டை 4.2-ஐ முதலில் தொட்டுவிடும். ஊதா இன்னும் வழியில்தான் இருக்கும். கூட்டுத்தொகை 8.4 ஆகாததால் சார்ஜர் நிறுத்தாது. பச்சை 4.3, 4.4 என்று போய்க்கொண்டே இருக்கும். பழுதே இல்லாத கட்டை இப்படித்தான் பாழாகும்.

அந்த ஊதாவின் ரகசியம் அதன் தோலிலேயே எழுதியிருந்தது: 9900 மில்லி ஆம்ப் அவர். கட்டையின் வயிறு எவ்வளவு கொள்ளும் என்கிற அளவு அது. இந்தக் குப்பியில் நல்ல தயாரிப்பாளர்களே அடைப்பது வழக்கமாக 3500 பக்கம்தான். ஒரு படி அளக்கிற பாத்திரத்தில் மூன்று படி நெல் இருக்கிறது என்கிறவனை என்னவென்று சொல்வது? மச்சான் பூ நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசைக் கொண்டுவந்தார். 5 கிராம் கணக்கில்தான் காட்டும், ஆனாலும் போதும். பச்சை 45 கிராம். ஊதா 30. உள்ளே பாயே பாதிதான் சுருட்டியிருக்கிறார்கள் போல. மச்சான் அந்தக் கடைக்காரரைச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

சரி, பழையதற்குப் பதிலாக வந்த புது டார்ச்சுக்கு வருவோம். அதே டார்ச்சின் அடுத்த பதிப்பு. இதிலும் இரண்டு கட்டை, மேலே தடித்த ரப்பர் சட்டை, "எதற்கும் அசையாது" என்று பெட்டியில் வீரவசனம். எனக்குப் பிடித்தது வசனத்தில் இல்லை. மூடியைத் திறந்து பார்த்தால் இரண்டு கட்டைகளும் சேரும் இடத்திலிருந்து தனியாக ஒரு மெல்லிய நடு ஒயர் சர்க்யூட்டுக்குப் போகிறது. அந்த ஒரு ஒயர்தான் பழையதற்கும் புதியதற்கும் உள்ள உண்மையான வித்தியாசம். அது இருந்தால் ஒவ்வொரு கட்டையின் வோல்டையும் தனித்தனியாகப் பார்க்கலாம். யார் முதலில் 4.2 தொட்டாலும் ஏற்றுவதை நிறுத்தலாம், யார் முதலில் கீழே வந்தாலும் விளக்கை அணைக்கலாம். சோதிக்க வேண்டுமென்றே ஒரு கட்டையைப் பாதி வடித்துப் போட்டேன். சிவப்பு விளக்கு மூன்று முறை சிமிட்டிவிட்டு எரிய மறுத்தது. கோபித்துக்கொண்ட மருமகள் மாதிரி. எனக்கு ரொம்ப திருப்தி.

அப்புறம் கீழே போட்டுப் பார்த்தோம், இடுப்பு உயரத்திலிருந்து, களத்துச் சிமெண்டில். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற பொருள் ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றுபோனால், அந்தக் கணத்தில் அதன் எடை ஆயிரம் மடங்கு ஆன மாதிரி. உயரத்தை நிற்கிற தூரத்தால் வகுத்தால் போதும், கணக்கு வந்துவிடும். 45 கிராம் கட்டை அந்தக் கணத்துக்கு 45 கிலோ. அது போய் இடிக்கிற இடம் நெளியும், கட்டையின் தலை நசுங்கும். ரப்பர் சட்டை செய்வது நிற்கிற தூரத்தை நீட்டுவதுதான். 5 மில்லிமீட்டர் அமுங்கினால் 45 கிலோ 9 கிலோவாகிவிடும். இரு முனையிலும் ஸ்பிரிங் வைத்திருப்பதும் இதற்காகத்தான். பழையதில் ஒரு பக்கம்தான் ஸ்பிரிங், தட்டினாலே கண் சிமிட்டும்.

தண்ணீருக்கு ஐ.பி. 68 என்று போட்டிருந்தது. முதல் எண் தூசிக்கு, 6 என்றால் தூசி துளியும் நுழையாது. இரண்டாவது தண்ணீருக்கு. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். 8 என்றால் அதையும் தாண்டி, எவ்வளவு என்று தயாரித்தவரே சொல்ல வேண்டும். மாட்டுத் தொட்டியில் ஒரு மணி நேரம் போட்டோம், எரிந்துகொண்டே கிடந்தது. காரணம் பெரிய மாயமில்லை. மூடியின் மரைக்கு அடியில் ஒரு சிலிக்கோன் வளையம். அதில் ஒரு மண் துகளோ தலைமுடியோ சிக்கினால் 68-ஆவது 67-ஆவது.

ஆனால் இறுக்கிப் பூட்டுவதில் ஒரு ஆபத்தும் உண்டு. கட்டை கெட்டுப்போய்ப் புகை கக்கினால் அந்தக் காற்று வெளியேற வழி வேண்டும். வழியில்லாத உலோகக் குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் அது வெடிதான். நல்ல தயாரிப்பில் அழுத்தம் மீறினால் திறந்துகொள்கிற பலவீனமான ஓர் இடத்தை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். இரும்பு உடம்பு வெளி அடியைத் தாங்கும். உள்ளே ஜோடி பொருந்தாமல் போனால் அதே இரும்பு உடம்புதான் வினை.

லண்டனில் இருக்கும் தம்பி முறைப் பையன் ஒருவன் வீடியோ காலில் இந்த டார்ச்சைப் பார்த்துவிட்டு, "அண்ணே, என்னோடதும் இதே மாதிரிதான்" என்று ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டினான். வேப், அதாவது மின் சிகரெட். அதிலும் ரப்பர் சட்டை, தண்ணீர் புகாத மூடி, அதே இரண்டு 18650. நம் நாட்டில் 2019 சட்டப்படி மின் சிகரெட்டைத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் விற்பதும் விளம்பரப்படுத்துவதும் இருப்பு வைப்பதும் குற்றம். விற்றால் முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ. அது இருக்கட்டும். அந்தப் பெட்டி கட்டைகளைப் படுத்துகிற பாடு வேறு ரகம். பெட்டியில் 200 வாட் என்று போட்டிருக்கிறது. நம் புது டார்ச் சாதாரண வெளிச்சத்தில் 25 வாட். இரண்டிலும் 7.2 வோல்ட் என்று வைத்தால் டார்ச்சில் ஓடுவது மூன்றரை ஆம்ப். வேப்பில் 28 ஆம்ப். மின்னோட்டம் 8 மடங்கு. கட்டைக்கு உள்ளேயே இருக்கும் மின்தடையில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏறும் என்பதால் 64 மடங்கு. அந்த 200 வாட் போவது நகத்தளவு கம்பிச் சுருளுக்கு. நிக்கோடின் கலந்த கிளிசரின் திரவம் அதில் 200 டிகிரிக்கு மேல் கொதித்துப் பொடித் துளிகளாகப் பறக்கும். புகை இல்லை, ஆவி என்பார்கள், அதுவும் இல்லை. மூச்சில் போகிற திரவத்துளிதான்.

ஒரு இழுப்பு நாலைந்து நொடி என்பதால் கட்டைகள் தப்பிக்கின்றன. ஆனால் ஜோடி பொருந்தாவிட்டால் தப்பிப்பது குறையும். அமெரிக்காவில் 2018-இலும் 2019-இலும் வேப் வெடித்து ஆள் இறந்ததுண்டு. தம்பி ஒரு வார்த்தை சொன்னான்: அவன் ஊரில் இரண்டு கட்டைகளுக்கும் "கல்யாணம்" செய்துவைப்பார்களாம். ஒரே நாளில் வாங்கியது, ஒரே கம்பெனி, ஒன்றாகவே ஏற்றுவது, ஒன்றாகவே வடிப்பது. ஒன்று போனால் இரண்டையும் மாற்றுவது.

டார்ச்சைப் பற்றி ஒரே ஒரு குறை. பெட்டியில் போட்ட வெளிச்சம் மூன்று நிமிடம்தான், பிறகு பாதியாகிவிடும். எல்.இ.டி.க்குப் போகிற மின்சாரத்தில் பெரும்பங்கு சூடாகத்தான் மாறுகிறது, சூடு ஏறினால் சர்க்யூட் தானே குறைத்துக்கொள்கிறது. மச்சானுக்கு அது தெரியவே இல்லை. வெளிச்சம் பாதியானாலும் நம் கண்ணுக்கு லேசாக மங்கின மாதிரிதான் இருக்கும். மோட்டார் ரூம் தகரத்துக்கடியில் சித்திரை வெயிலில் சார்ஜ் போடாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். 45 டிகிரிக்கு மேல் ஏற்றினால் கட்டைக்கு ஆயுள் குறையும்.

கல்யாணக் கதையை மச்சானிடம் சொன்னபோது சிரித்தார். அடுத்த வாரம் போனால், புதுக் கட்டைகள் இரண்டுக்கும் இடுப்பில் மஞ்சள் இன்சுலேஷன் டேப். தேதியும் போட்டிருந்தது. உபரியாக வாங்கிய இன்னொரு ஜோடிக்குச் சிவப்பு. "மஞ்சளும் சிவப்பும் கலந்து போட்டுறாதீங்க" என்றேன்.

"அது எப்படி மாப்ள," என்றார், "தாலி கட்டியாச்சுல்ல."