கிரியேட்டினின் நார்மல், சரி. அப்பாவுக்கு என்ன ஆச்சு?

பரம்பரையாக வரும் கிட்னி நோயைக் கண்டுபிடிக்க என்ன டெஸ்ட் எடுக்கணும் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் எடுப்பது ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும்தான். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று தாத்தா பாட்டியிலிருந்து வம்சத்தை வரைந்துகொண்டே வருவேன். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

32 வயதுக்காரர் ஒருவர், பிபி 150/100, கிரியேட்டினின் (கிட்னி எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் ரத்த டெஸ்ட்) 0.9, அதாவது நார்மல். "எங்க வீட்டுல யாருக்கும் கிட்னி பிரச்சினை இல்லை டாக்டர்" என்றார். அப்பா? ஐம்பது வயதில் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்துவிட்டார். பெரியப்பா? வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஆனால் அது சுகரால் வந்ததாம். அவர் சுகர் மாத்திரை சாப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இல்லையே" என்றார்.

ஸ்கேனில் இரண்டு கிட்னியும் 15 செ.மீ. நீளம் (வழக்கமாகப் பத்து பன்னிரண்டுதான் இருக்கும்), உள்ளே எண்ண முடியாத அளவுக்கு நீர்க்கட்டிகள், ஈரலிலும் இரண்டு மூன்று. பாலிசிஸ்டிக் கிட்னி, அதாவது கிட்னி முழுக்க நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய். மூளை ரத்தக்குழாயில் வீக்கம் வருவதும் இதே நோயின் இன்னொரு முகம், அதனால் அப்பாவின் கதை தெரிந்ததும் மூளைக்கும் ஒரு எம்.ஆர்.ஐ. எழுதினேன்.

கிரியேட்டினின் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்றால், கட்டிகள் ஒரு பக்கம் இடத்தைப் பிடித்துக்கொண்டே வந்தாலும் கிட்னிக்குள் மிச்சமிருக்கும் வடிகட்டிகள் கெட்டுப்போனவற்றின் வேலையையும் சேர்த்துப் பல வருடம் இழுத்துப் பார்க்கும். பிபிதான் முதலில் ஏறும். 'இந்த வயசுல பிபியா, டென்ஷனாக இருக்கும்' என்று மாத்திரையோடு அனுப்பிவிடுவதில்தான் எனக்குக் கோபம்.

ஸ்கேனில் கட்டி இருந்தாலே இந்த நோய் என்றும் பயப்பட வேண்டாம். வயதானால் சாதாரணக் கட்டி ஒன்றிரண்டு யாருக்கும் வரும். அதனால் எண்ணிக்கையை வயதோடு வைத்துத்தான் பார்ப்போம்: பெற்றோர் அல்லது உடன்பிறந்தவருக்கு இந்த நோய் இருந்து, 15 முதல் 39 வயதுக்குள் இரண்டு கிட்னியிலும் சேர்த்து மூன்று கட்டி இருந்தால் போதும், 40 முதல் 59 வரை ஒவ்வொன்றிலும் இரண்டு, 60க்கு மேல் ஒவ்வொன்றிலும் நான்கு. குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவருக்கு இந்தக் கணக்கு செல்லாது. அப்புறம், 25 வயதில் ஸ்கேன் சுத்தமாக வந்தால் அதோடு தப்பித்தோம் என்றும் அர்த்தமில்லை, குறிப்பாகக் கிட்னி தானம் கொடுக்க முன்வரும் தம்பி தங்கைக்கு எம்.ஆர்.ஐ.யோ மரபணுப் பரிசோதனையோ பார்க்காமல் நான் சம்மதிப்பதில்லை.

அந்த மரபணுப் பரிசோதனை எல்லோருக்கும் தேவைப்படாது. பெரும்பாலும் கோளாறு 16ஆம் குரோமோசோமில் உள்ள பிகேடி1 மரபணுவில் இருக்கும், அதே குரோமோசோமில் அதைப் போலவே ஆறு போலிப் பிரதிகள் வேறு இருப்பதால் லேபுக்கே தலைவலி. ரிசல்ட்டில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் மட்டும் நோய் இல்லை என்று சொல்லிவிட மாட்டோம்.

பரம்பரைக் கிட்னி நோய் எல்லாமே ஸ்கேனில் தெரிந்துவிடும் என்றும் இல்லை. ஆல்போர்ட் நோயில் ஆரம்பத்தில் கிட்னி பார்க்க நன்றாகவே இருக்கும். சிறுநீரில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் போகும், காது மந்தமாகும். அதனால்தான் வீட்டில் சின்ன வயதிலேயே காது கேட்காமல் போனவர் உண்டா என்றும் கேட்கிறோம்.

அந்த 32 வயதுக்காரர் கடைசியாகக் கேட்டது ஆறு வயது மகளைப் பற்றி. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆனால் இன்றைக்கே ஸ்கேன் எடுக்க அவசரமில்லை, வருடம் ஒரு முறை பிபி பாருங்கள், மற்றதை வீட்டில் இரண்டு பேரும் பேசி முடிவு செய்துவிட்டு வாருங்கள் என்றேன். அடுத்த முறை தம்பியையும் கூட்டி வந்திருந்தார். தம்பி பிபி பார்த்துக்கொண்டதே அன்றைக்குத்தான் முதல் தடவை: 148/96.