ஹைக்கிங்: நம்மிடம் இருக்கும் சொல் 'வழிநடை'

'ஞாயிற்றுக்கிழமை ஹைக்கிங் போகலாமா?' என்று கேட்டால் வீட்டில் பாதிப் பேர் தயங்குவார்கள். கயிறு, கொக்கி, விலை கூடிய பூட்ஸ், பனிச்சிகரம் என்று மனத்தில் ஓடும். இந்தத் தயக்கத்தில் நம் மொழிபெயர்ப்புக்கும் பங்கு உண்டு. ஹைக்கிங், டிரெக்கிங், மவுன்டனியரிங் மூன்றையும் 'மலையேற்றம்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம்.

'ஹைக்' 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வட்டார வழக்கிலிருந்து எழுத்துக்கு வந்த சொல். பொருள், விறுவிறுவென்று நெடுந்தூரம் நடப்பது. மலை அதில் கட்டாயமே இல்லை. 'விலை ஹைக்' என்று செய்திகளில் கேட்கிறோமே, அது மேலே தூக்குவது என்ற பொருளில் பின்னால் வந்தது. 'டிரெக்' வேறு கதை. டச்சு மொழியில் 'டிரெக்கன்' என்றால் இழுத்தல். தென்னாப்பிரிக்காவில் மாடுகள் இழுக்கும் வண்டிகளில் குடும்பம் குடும்பமாக இடம்பெயர்ந்த நெடும்பயணத்துக்கு அந்தப் பெயர் நின்றது. 1830-களில் கேப் பகுதியிலிருந்து நடந்த பெரும் இடப்பெயர்வால் அது ஆங்கிலத்திலும் பரவியது. அதனால்தான் டிரெக்கிங் என்றால் பல நாள், மூட்டை முடிச்சு, கூடாரம். ஹைக்கிங் என்றால் காலையில் கிளம்பி மாலைக்குள் வீடு திரும்புவது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'நடைபயணம்' என்றால் அரசியல் கட்சிக் கொடி கண்ணில் தெரிகிறது. 'பாதயாத்திரை' பழனிக்குப் போய்விட்டது. எனக்குப் பிடித்தது 'வழிநடை'. புதிதாகச் செய்த சொல் அல்ல, அகராதியிலேயே இருக்கிறது. நடைக் களைப்பு தெரியாமல், வழியில் காணும் ஊரையும் சோலையையும் சொல்லிப் பாடும் பாட்டுக்கு 'வழிநடைச் சிந்து' என்று பெயர். நடப்பது, பார்ப்பது, கூட வருபவருக்குக் காட்டுவது, மூன்றும் அந்தப் பெயருக்குள் இருக்கின்றன. ஹைக்கிங்கும் இதுதானே! இன்னும் பழைய சொல் ஒன்றும் உண்டு: 'செலவு'. செல் என்ற வேரிலிருந்து பிறந்த இதற்குச் சங்கப் பாடல்களில் பயணம் என்றுதான் பொருள். இன்று அதைப் பணத்துக்கே கொடுத்துவிட்டோம். வழிநடைக்கோ பணம் பெரிதாக வேண்டியதில்லை. பழகிய செருப்போ ஷூவோ, தண்ணீர், தொப்பி, கட்டுச்சோறு. புளிசாதத்தை வாழையிலையில் கட்டிக்கொண்டால் இலை வாசமும் கூட வரும்.

ஏற்றம் என்ற சொல் பொருந்தாததற்குக் கொடைக்கானல் அருகே வட்டக்கானலே சான்று. அங்கிருந்து டால்பின் நோஸ் பாறைக்குப் போகும் பாதை போகும்போது இறக்கம். மர வேர்களே படிக்கட்டு. திரும்பும்போதுதான் ஏற வேண்டும். பிள்ளைகளுக்கு அந்த நேரத்துக்கென்று கடலைமிட்டாய் மிச்சம் வைத்திருங்கள். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறவர்களும் மலை ஏறுவதில்லை, சுற்றித்தான் வருகிறார்கள்.

காப்புக்காட்டுப் பாதை என்றால் வனத்துறை அனுமதி வாங்காமல் குடும்பத்தைக் கூட்டிப் போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது! கோடையில் காய்ந்த புல் இருக்கும் மலைச்சரிவைத் தவிர்ப்பது நல்லது. அப்புறம், நடை வேகத்தைக் கூட வரும் சின்னப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

எழுதும்போது 'ஒருநாள் வழிநடை', 'வழிநடைப் பாதை', 'மலை வழிநடை' என்று தாராளமாக எழுதலாம். மலையேற்றம் என்ற சொல்லை உண்மையாகவே சிகரம் ஏறுகிறவர்களுக்கு விட்டுவிடலாம்.