ஒளிப்பிரிகை மண்டலம்: சொல் விளக்கம்

விண்மீன்களுக்கு இடையிலுள்ள வாயு முகில்களைப் பற்றிப் படிப்பவர்கள் 'ஃபோட்டோடிசோசியேஷன் ரீஜன்' (சுருக்கமாக பி.டி.ஆர்.) என்ற தொடரைத் தவிர்க்க முடியாது. பெருவிண்மீனின் கதிர் பட்டு மூலக்கூறுகள் பிரியும் முகில் விளிம்புப் பகுதிக்கு அந்தப் பெயர். 'ஃபோட்டோ' கிரேக்க வேர்; ஒளி என்று பொருள். 'டிசோசியேஷன்' லத்தீன் வழி வந்தது. 'சோசியஸ்' என்றால் கூட்டாளி; முன்னே 'டிஸ்' சேர்ந்தால் கூட்டு கலையும். இதற்குப் 'பிரிகை' என்ற சொல் நம் வேதியியல் நூல்களில் ஏற்கெனவே இருப்பதால், ஒளிப்பிரிகை மண்டலம் என்பது இயல்பாக அமைகிறது. 'சிதைவு' வேண்டாம், கதிரியக்கச் சிதைவோடு குழம்பும்.

பிரிப்பது புற ஊதாக் கதிர். 13.6 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட ஆற்றலுள்ள கதிர்களைப் பெருவிண்மீனைச் சூழ்ந்த ஹைட்ரஜன் அணுக்களே விழுங்கி அயனியாகிவிடுகின்றன. அதற்குக் குறைந்தவைதாம் முகிலின் விளிம்பைத் தொடுகின்றன. அங்கே ஹைட்ரஜன் மூலக்கூறு பிரியும் விதம் வேடிக்கையானது. அதன் பிணைப்பாற்றல் ஏறத்தாழ 4.5 எலெக்ட்ரான் வோல்ட்தான். ஆனாலும் அந்த ஆற்றலுள்ள கதிர் அதை நேரடியாக உடைப்பதில்லை. 11 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட, குறிப்பிட்ட சில அலைநீளக் கதிர்களை ஏற்றுக் கிளர்ச்சியடைந்து, திரும்பி இறங்கும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு முறை இரண்டாகப் பிரிகிறது. அந்த அலைநீளங்களை வெளிப்புற மூலக்கூறுகளே தீர்த்துவிடுவதால் உட்புறத்தவை தப்பிக்கின்றன. இதைத் தற்காப்பு மறைப்பு எனலாம்.

கார்பனின் நிலையும் ஆழத்துக்கேற்ப மாறும்: விளிம்பில் அயனி, சற்று உள்ளே அணு, மேலும் உள்ளே கார்பன் மோனாக்சைடு. அந்த அயனி 158 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் அகச்சிவப்புக் கதிரை உமிழ்ந்து வாயுவைக் குளிர்விக்கிறது. ஓரியன் நெபுலாவில் 'ஓரியன் பார்' எனப்படும் பகுதியை நாம் ஏறத்தாழ பக்கவாட்டில் பார்ப்பதால், இந்த அடுக்குகள் அங்கே தெளிவாகப் பிரிந்து தெரிகின்றன.

ஆனால் பெயர் பாதியைத்தான் சொல்கிறது. கார்பன் அயனியும் குளிர்ந்த ஹைட்ரஜன் மூலக்கூறும் எளிதில் வினைபுரிவதில்லை; புற ஊதாக் கதிரால் கிளர்ச்சியுற்ற ஹைட்ரஜன் என்றால் வினை நடக்கும். அதில் தொடங்கும் வினைத்தொடரில் உருவாகும் மெத்தில் நேரயனியை (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த நேர்மின் அயனி) ஓரியன் நெபுலாவிலுள்ள டி203-506 என்ற, இளம் விண்மீனைச் சூழ்ந்த வட்டில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கண்டதாக 2023-இல் அறிவிக்கப்பட்டது. பிரிக்கும் கதிரே கட்டவும் செய்கிறது. ஆங்கிலத்திலும் பி.டி.ஆர். என்ற அதே சுருக்கப்பெயரை வைத்துக்கொண்டு 'ஃபோட்டான் டாமினேட்டட் ரீஜன்' என்று விரிப்பதுண்டு. வினையை மட்டும் குறிக்கும்போது ஒளிப்பிரிகை போதும். இடம் முழுவதையும் குறிக்க ஒளியாதிக்க மண்டலம் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.