பல் மருத்துவராக வேண்டுமா? மேஜர் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்

"பொண்ணு டென்டிஸ்ட் ஆகணும்னு சொல்றா டாக்டர், காலேஜ்ல பயாலஜிதானே எடுக்கணும்?" இங்கே அமெரிக்காவில் என்னிடம் பல் காட்ட வரும் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பதினோராம் வகுப்பில் பயாலஜி இல்லாத குரூப் எடுத்தால் டாக்டர் கனவு அதோடு போச்சு என்ற பயத்தில் வளர்ந்தவர்கள் நாம். இங்கே அப்படி இல்லை.

அமெரிக்காவில் டென்டல் ஸ்கூல் என்பது பெரும்பாலும் நான்கு வருடக் கல்லூரிப் படிப்புக்குப் பிறகு வரும் இன்னொரு நான்கு வருடம். அதற்குக் கல்லூரியில் இன்ன மேஜர்தான், அதாவது இன்ன முதன்மைப் பாடம்தான், படித்திருக்க வேண்டும் என்ற விதி கிடையாது. சில பாடங்களை முடித்திருக்கச் சொல்வார்கள்: பயாலஜி, ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ், பெரும்பாலும் ஒவ்வொன்றும் லேபோடு ஒரு வருடம். கூடவே பல இடங்களில் பயோகெமிஸ்ட்ரியும் இங்கிலீஷும் கேட்பார்கள். இவற்றை முடித்தால் வரலாறு படித்தவரும் இசை படித்தவரும் விண்ணப்பிக்கலாம். பயாலஜி படித்தவர்களே அதிகம் விண்ணப்பிக்கிறார்கள் என்பது உண்மைதான். இந்தப் பாடங்களில் பெரும்பகுதி அந்த மேஜருக்குள்ளேயே வந்துவிடுவதால் அது வசதி, அவ்வளவுதான்.

மேஜரை விட நான் கவலைப்படுவது மதிப்பெண்ணைப் பற்றி. பெரும்பாலான டென்டல் ஸ்கூல்களுக்கு ஏஏடிஎஸ்ஏஎஸ் என்ற ஒரே பொது விண்ணப்பம்தான். அதில் மொத்த ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) தனியாக, அறிவியல் பாடங்களின் ஜிபிஏ தனியாகக் கணக்கிடுவார்கள். ஒரு பாடத்தில் சி வாங்கி, மறுபடி படித்து ஏ வாங்கினால் உங்கள் கல்லூரி பழையதை நீக்கிவிடலாம். இந்த விண்ணப்பத்தில் இரண்டுமே கணக்கில் சேரும். ஹைஸ்கூலில் இருந்தபடியே கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருட உள்ளூர்க் கல்லூரியில்) எடுத்த பாடங்களும் சேரும். அதனால்தான் "பயோமெடிக்கல் இன்ஜினியரிங் போட்டா கெத்தா இருக்கும்" என்று பெற்றோர் சொல்லும்போது எனக்குப் பதறுகிறது. என் கிளினிக்கில் ஷேடோயிங் செய்த, அதாவது கூடவே இருந்து வேலையைப் பார்த்துக் கற்ற, ஒரு இன்ஜினியரிங் பையன் ஒரே செமஸ்டரில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ், தெர்மோடைனமிக்ஸ் மூன்றையும் எடுத்திருந்தான். தெர்மோடைனமிக்ஸை எந்த டென்டல் ஸ்கூலும் அவனிடம் கேட்கப் போவதில்லை. ஆனால் அது தின்ற நேரம் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி கிரேடில் தெரிந்தது. இன்ஜினியரிங் அவனுக்கே பிடித்திருந்தால் சரி, தாராளமாகப் படிக்கட்டும். அவனுக்கு ஆசையெல்லாம் எகனாமிக்ஸில் இருந்தது.

அப்புறம் நுழைவுத் தேர்வு, டிஏடி. அறிவியல் பகுதியில் 100 கேள்விகள்: பயாலஜி 40, ஜெனரல் கெமிஸ்ட்ரி 30, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி 30. ஃபிசிக்ஸ் இல்லை. நம் பிள்ளைகள் எதிர்பார்க்காத பகுதி ஒன்று உண்டு; வடிவங்களைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் 90 கேள்விகள். ஒரு சதுரக் காகிதத்தை இரண்டு மூன்று முறை மடித்து ஓட்டை போட்டால், விரிக்கும்போது எங்கெங்கே ஓட்டை இருக்கும் என்று மனதுக்குள்ளேயே விரித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். இது வெறும் புதிர் இல்லை. மேல் கடைவாய்ப் பல்லை நாங்கள் பெரும்பாலும் சின்னக் கண்ணாடியில் பார்த்தபடிதான் குடைகிறோம். கண்ணாடியில் முன்பின் மாறித் தெரியும், கை அதற்கு ஏற்றபடி நகர வேண்டும். களிமண் சிற்பமோ ஓவியமோ படிக்கும் பிள்ளையிடம் "இதெல்லாம் எதுக்கு" என்று கேட்காதீர்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. பாதி வழியில் மனம் மாறுபவர்களும் உண்டு. எனவே டென்டல் ஸ்கூல் போகாவிட்டாலும் பிள்ளை சந்தோஷமாக வேலை தேடக்கூடிய மேஜராக அது இருக்கட்டும். பணமும் சாதாரணமில்லை. கடன் வாங்கிப் படிப்பவர்கள் முடித்து வரும்போது சராசரியாக 3 லட்சம் டாலர் அளவுக்குக் கடன் இருக்கிறது. 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு மத்திய அரசு தரும் மாணவர் கடனுக்கு வருடத்துக்கு 50,000, மொத்தம் 2 லட்சம் டாலர் என்று உச்சவரம்பும் வந்துவிட்டது. கல்லூரியின் பெயருக்காக முதல் நான்கு வருடத்திலேயே சேமிப்பைக் கரைக்காமல், மாநிலப் பல்கலைக்கழகத்தில் நல்ல கிரேடு வாங்குவது எவ்வளவோ மேல்.

"ஊர்லயே பிடிஎஸ் படிக்க வச்சிடலாமா?" என்று கேட்பவர்களுக்கு: நான் அந்த வழியில் வந்தவள்தான். அங்கே ஐந்து வருடம் முடித்து, இங்கே தேர்வு எழுதி, மறுபடி டென்டல் ஸ்கூலில் இரண்டு மூன்று வருடம் படித்த பிறகுதான் பெரும்பாலான மாநிலங்களில் லைசென்ஸ் கிடைக்கும். அந்த இடங்களும் குறைவு, கட்டணமும் அதிகம். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இது சுற்று வழி.

ஹைஸ்கூலிலேயே ஏபி தேர்வு எழுதி வாங்கும் கல்லூரி கிரெடிட்டையும் கம்யூனிட்டி காலேஜ் பாடங்களையும் சில டென்டல் ஸ்கூல்கள் ஏற்கும், சில ஏற்காது. போக நினைக்கும் ஐந்தாறு இடங்களின் விதிகளை முதல் வருடத்திலேயே பிள்ளையே எடுத்துப் படிக்கட்டும். கூடவே, வழக்கமாகப் போகும் பல் மருத்துவரிடம் ஷேடோயிங் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் போன் செய்யாமல், பிள்ளை பேசட்டும். எங்களில் பெரும்பாலானோர் மறுக்க மாட்டோம்.